குறைமாதப் பிள்ளை வீட்டுக்கு வருகிறது

32 வாரத்தில் 1,400 கிராம் எடையோடு பிறந்த பிள்ளை. ஒரு மாதமாக மானிட்டர் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தது. “நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்மா” என்று டாக்டர் சொன்னதும் தாய் கேட்பாள்: “வீட்டுல இந்த மெஷின் இருக்காதே, ராத்திரி மூச்சு நின்னுட்டா எனக்கு எப்படித் தெரியும்?” நியாயமான பயம். டிஸ்சார்ஜ் அன்று ஒரு சீட்டை நீட்டினால் அது போகாது. இரண்டு வாரம் முன்பிருந்தே தாயின் கையைப் பழக்க வேண்டும்.

எடை மட்டும் போதாது

“எத்தனை கிலோ ஆச்சு?” என்பதுதான் உறவினர் எல்லோரும் கேட்பது. டாக்டர்கள் பார்ப்பது அதற்கும் மேலே. இன்குபேட்டர் இல்லாமல் உடம்புச் சூடு நிற்கிறதா, குடிக்க வேண்டிய பால் முழுவதையும் வாயால் குடிக்கிறதா, எடை தினமும் ஏறுகிறதா, மூச்சு நடுவில் நிற்காமல் சில நாட்கள் கடந்தனவா என்றெல்லாம் பார்த்த பிறகே அனுப்புவார்கள்.

மார்புச் சூடு

இன்குபேட்டர் பற்றாக்குறையால் தவித்த கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978-ல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியது கங்காரு தாய் பராமரிப்பு. குல்லா, சாக்ஸ், டயப்பர் மட்டும் போட்டு, பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திப் படுக்க வைப்பார்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல், கால்கள் தவளை மாதிரி விரிந்திருக்க வேண்டும். மேலே துணியால் கட்டிவிட்டால் தாய் எழுந்து நடமாடலாம். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய் களைத்தால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரட்டும். வீட்டிலும் இது தொடர வேண்டும்.

பாட்டிக்கும் பயிற்சி

சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடை என்னும் மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில் கொடுப்பார்கள். கிண்ணத்தின் மூக்கைப் பிள்ளையின் கீழ் உதட்டில் தொட்டு, சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த வாய். தூங்கும் பிள்ளையின் வாயில் ஊற்றினால் புரையேறும்.

வீட்டில் இதைச் செய்யப்போவது பெரும்பாலும் பாட்டிதான். அவரை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு, பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார், வசம்பு உரசினார், சாம்பிராணி போட்டார் என்று குறைசொல்வது முறையல்ல. உள்ளே அழைத்து, கை கழுவச் சொல்லி, பாலாடையை அவர் கையில் கொடுங்கள். முதல் நாள் கை நடுங்கும். மூன்றாம் நாள் மற்றவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுப்பார்.

தவறக்கூடாத தேதி

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு, 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இன்னும் முன்பே. கண் வெளியில் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறித்துவிடலாம். வீட்டுக்குப் போன பிறகு வரும் தேதி என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். காது கேட்கும் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

உடனே கிளம்புங்கள்

பால் குடிக்க மறுப்பது, உள்ளங்கால் சில்லிடுவது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, வலிப்பு, உள்ளங்கை வரை மஞ்சள். இதில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டே புறப்படுங்கள்.