மைசூரில் கணக்குச் சொன்ன சிறுமியும் 26 இலக்க எண்ணும்

1980–ம் ஆண்டு ஜூன் 18–ந் தேதி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு பெண்மணியிடம் இரண்டு எண்கள் தரப்பட்டன.

ஒன்று 7,686,369,774,870. மற்றொன்று 2,465,099,745,779. ஒவ்வொன்றும் 13 இலக்கம். இரண்டையும் மனத்திலேயே பெருக்க வேண்டும்.

28 விநாடியில் விடை வந்தது: 18,947,668,177,995,426,462,773,730.

விடை சரி! சொன்னவர் சகுந்தலா தேவி. 1982–ம் ஆண்டு கின்னஸ் புத்தகத்தில் இந்தச் சாதனை இடம் பெற்றது.

சர்க்கஸ்காரர் மகள்

சகுந்தலா தேவி 1929–ல் பெங்களூரில் பிறந்தவர். தந்தை சர்க்கஸ் கலைஞர். ஏழைக் குடும்பம். முறையான பள்ளிப்படிப்பு கிடைக்கவில்லை.

மூன்று வயதில் மகளுடன் சீட்டு வித்தை செய்தபோதுதான், அவளுடைய அபார நினைவாற்றல் தந்தைக்குத் தெரிந்தது. அவர் சர்க்கஸை விட்டுவிட்டு, மகளை ஊர் ஊராக அழைத்துச் சென்றார். ஆறு வயதில் மைசூர் பல்கலைக்கழகத்தில் அந்தச் சிறுமி தன் கணக்குத் திறமையைக் காட்டினாள். அங்கிருந்து லண்டன் வரை போனது அவள் புகழ்.

எண்ணின் குணம்

அந்த 26 இலக்க விடை 18,947 கோடி கோடி கோடிக்கும் மேல்! ஆனாலும் பயப்பட வேண்டாம். அதன் குணத்தை அறிய ஒரு பென்சில் போதும்.

கடைசி இலக்கம் 0. ஆகவே அது இரட்டை எண். 5, 10 ஆகியவற்றாலும் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 30. ஆகவே 4–ஆல் வகுபடாது.

எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 138. இது 3–ஆல் வகுபடும், 9–ஆல் வகுபடாது. பெரிய எண்ணும் அப்படியே.

வலது கோடியிலிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டுங்கள்: 69. இரட்டைப்படை இடங்களைக் கூட்டினாலும் 69! வித்தியாசம் இல்லை என்றால் அந்த எண் 11–ஆல் வகுபடும். பெருக்கிய இரண்டாவது எண்ணிலும் இதேபோல் 37, 37 என்று வருகிறது.

குமாஸ்தாவுக்கு உதவி

விடையைச் சரி பார்க்கவும் வழி உண்டு. இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் முதல் எண்ணுக்கு 6, இரண்டாவதற்கு 2. பெருக்கினால் 12, அதாவது 3. விடையின் 138–ம் கடைசியில் 3 ஆகிறது. பொருந்தாவிட்டால் கணக்கு நிச்சயம் தவறு.

ஆனால் பொருந்தினாலும் ஏமாறக்கூடாது. 37 என்பதை 73 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறிய இந்தத் தவறை 11–ன் சோதனை காட்டிக் கொடுத்துவிடும்.

பேரேட்டில் பற்றும் வரவும் ஒத்து வரவில்லையா? வித்தியாசம் 9–ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். 73–க்கும் 37–க்கும் வித்தியாசம் 36. அப்படி வகுபட்டால், எங்காவது இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ராத்திரி வரை ஆபீசில் உட்கார வேண்டியிராது.

சகுந்தலா தேவி 2013 ஏப்ரல் 21–ல் பெங்களூரில் காலமானார். அவருடைய வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. அவர் சொன்ன விடையைச் சோதித்துப் பார்க்க, கூட்டல் தெரிந்த எல்லோராலும் முடியும்.