பண்டிகைக் காலமும் ஓட்டப் பயிற்சியும்

புரட்டாசி பிறந்தது முதல் ஐப்பசியில் தீபாவளி வரும்வரை நெசவாளர் வீடுகளில் ஓய்வு என்பதே இல்லை. விற்பனைக்கு வேண்டிய சேலைகளும் வேட்டிகளும் உரிய நாளில் தறியிலிருந்து இறங்கியாக வேண்டும். அது முடிந்ததும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம். தை பிறந்தால் பொங்கலும் சம்பா அறுவடையும். இந்நெருக்கடியில் அங்கத்தினர் முதலில் கைவிடுவது தேகப்பயிற்சியையே. காலையில் ஓடிப் பழகியவர்கள்கூட, "பண்டிகை கழியட்டும்" என்று நிறுத்திவிடுகின்றனர். பண்டிகை கழிகிறது; ஓட்டமோ மீள்வதில்லை. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நாம் அடிக்கடி காண்பது இது.

தறியில் உழைப்பவருக்கு ஓட்டம் எதற்கு என்று சிலர் வினவலாம். குழித்தறியில் அமர்ந்தவரின் கைகால்கள் ஓயாது இயங்குகின்றன என்பது மெய்யே. எனினும் முதுகும் இடுப்பும் மணிக்கணக்கில் ஒரே நிலையில் இருக்கின்றன. இருதயமும் நுரையீரலும் விரைந்து வேலை செய்ய அங்கே வாய்ப்புக் குறைவு. வயலிலும் உழவும் அறுவடையும் பல ஊர்களில் இயந்திரத்தின் பொறுப்பாகிவிட்டன. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நம்மவரிடையே மலிந்துள்ள இந்நாளில், பலகாரம் மிகுதியாக உண்ணும் மாதங்களில் பயிற்சியை நிறுத்துவது நன்றன்று.

வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சியோ செய்தல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. சிறுசிறு பொழுதுகளாகச் செய்வதும் கணக்கில் சேரும் என்றும், சிறிதளவு பயிற்சியும் இல்லாமையினும் மேல் என்றும் அது தெளிவுபடுத்தியது.

நெருக்கடிக் காலத்தில் எவ்வளவு குறைக்கலாம்? அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்பவரும் அவர் குழுவினரும் 1980-களில் இதனை ஆராய்ந்தனர். வாரத்திற்கு 6 நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் என 10 வாரம் கடுமையாகப் பயின்றவர்கள், பின்னர் 15 வாரம் 2 நாள் மட்டுமே பயின்றபோதும், பெற்ற மூச்சுத்திறனை இழக்கவில்லை. வேறொரு சோதனையில் நாட்களைக் குறைக்காது, நேரத்தை மட்டும் 13 நிமிடமாகக் குறைத்தபோதும் அத்திறன் நிலைத்தது. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றலே தளர்ந்தது. ஆனால் பயிற்சியின் கடுமையைக் குறைத்தவர்கள் மூச்சுத்திறனையும் இழந்தனர். ஆகவே, ஓடிப் பழகியவர் நாளைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைத்தலாகாது.

இதனை நடைமுறையில் கொள்வது எளிது. துணியை அறுத்துச் சங்கத்தில் ஒப்படைக்கும் நாளில் தறி சற்றே ஓய்கிறது. அந்நாட் காலையையும், வாரத்தில் வேறொரு காலையையும் ஓட்டத்திற்கென ஒதுக்குக. ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடேற்றியபின் கால்மணி நேரம் ஓடினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெரு வழுக்குமாயின் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஓடலாம். இருவர் மூவராகச் சேர்ந்து ஓடினால் ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் எழுப்புவர். பெண்களுக்கும் இது துணையாகும். எஞ்சிய நாட்களில் மணிக்கொருமுறை தறியை விட்டெழுந்து சிறிது நடத்தல் நலம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. இரவெல்லாம் நெய்தவர் மறுநாள் ஓடவேண்டா. அவருக்கு உறக்கமே மருந்து. இதுவரை ஓடாதவர் நடையிலிருந்து தொடங்குக. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

கூலியில் சிறு பகுதியைச் சேமிப்பில் இடும் அங்கத்தினர், கூலி குறைந்த மாதத்தில் குறைவாக இடுகிறாரேயன்றிக் கணக்கை முடித்துக்கொள்வதில்லை. உடல்நலக் கணக்கும் அத்தகையதே. தீபாவளி வரை வாரத்திற்கு இரண்டு கால்மணி நேரமேனும் அதில் இட்டு வருவோமாக.