பழைய கோர்ட்டுப் பதிவுகளில் நம் முன்னோர்

தெலுங்கு அன்பர்களுக்கு வீட்டுப் பெயர் உண்டு. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பெயரில் முன்னிற்பது ஓர் ஊர்ப் பெயர்; அதுவே குடும்பத்தின் பெயருமாயிற்று. தமிழராகிய நமக்கோ தந்தையின் பெயரே முதலெழுத்து. தலைமுறைதோறும் அது மாறுகிறது. பாட்டனார் பெயர் பேரனிடம் வருமுன் மறைந்துவிடுகிறது. ‘கொள்ளுப்பாட்டனார் யார்?’ என்று பிள்ளைகள் வினவினால் நம்மில் எத்தனை பேர் விடையளிப்போம்?

அவ்விடை கிடைக்கக்கூடிய ஓரிடம் பழைய சிவில் கோர்ட்டுப் பதிவுகளாம். வாதி, பிரதிவாதி ஆகியோரின் பெயர், விவரம், வசிக்கும் ஊர் ஆகியவற்றைப் பிராதில் குறித்தல் வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. பாகப்பிரிவினை வழக்காயின் வமிசாவளியே கிடைத்தல் கூடும். பெருஞ்செல்வர் மட்டுமன்றி, சிறு நிலத்துக்கும் கடன் சீட்டுக்கும் வழக்காடிய எளியோரும் அங்கே இடம் பெற்றுள்ளனர்.

நிற்க. எங்கே தேடுவது? நாம் குடிபெயர்ந்தது போலவே எல்லைகளும் பெயர்ந்தன. 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரம் சித்தூரே. வேலூரும் ஆர்க்காடும் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆகவே, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தாரின் பழைய ஜில்லா கோர்ட்டு வழக்கு சித்தூரில் நடந்திருக்கலாம். 1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. அதில் சேர்ந்த திருத்தணி 1960இல் சென்னை இராஜ்யத்துக்குச் சென்றது. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. எனவே, வழக்கு நடந்த ஆண்டில் ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

அடுத்து, எழுத்து மயக்கம். தெலுங்கில் ழகரம் இல்லை. ‘பழனி’ அங்கே ‘பளனி’யாகும். முனுசாமி முனிசாமியாவார். ரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் பெயர்ப் பட்டியல்களோடு பழகும் நாம் இதனை நன்கறிவோம். ஆகவே பெயர் ஒன்றையே நம்பாமல், ஊர், தந்தை பெயர், ஆண்டு ஆகிய மூன்றும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தல் நலம்.

பயனற்ற பழைய கட்டுகளை அழிக்க 1917ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. வழக்குக் கட்டு கிடைக்காவிடினும் மனந்தளர வேண்டா. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களுக்கு ஆட்களின் பெயரால் ஓர் அட்டவணையும், சொத்தின்படி மற்றோர் அட்டவணையும் வைக்கவேண்டும் என்பது பதிவுச் சட்டம். பெயர் திரிந்திருந்தாலும் நிலம் வழிகாட்டும்.

ஓரெழுத்து மாறியதால் வாரிசுச் சான்றுக்கு அலைவோர் நம்மிடையே உண்டு. பெரியோர் உள்ளபோதே மூன்று தலைமுறையின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிவைப்போமாக. தேடலுக்கு அதுவே முதல் தஸ்தாவேஜு.