அரிய பிழை காட்டும் பொதுவழி

பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து லெவோடோபாதான். அது குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும். டோபமின் சுரக்கும் நரம்பு செல்கள் மடிவதைத் தடுக்காது. அவை ஏன் மடிகின்றன என்பதற்கு 2011இல் ஒரு வலுவான துப்பு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக இந்நோய் தொடர்ந்த சுவிஸ், ஆஸ்திரியக் குடும்பங்களை ஆராய்ந்த இரு குழுக்கள் தனித்தனியே ஒரே மரபணுவைக் கண்டுபிடித்தன. அதன் பெயர் விபிஎஸ்35. அது உருவாக்கும் புரதத்தின் 796 அமினோ அமிலங்களில் 620ஆவது மட்டும் மாறியிருந்தது. பிழை அவ்வளவே.

இந்தப் புரதத்தின் வேலை நடப்பது எண்டோசோம் என்னும் நுண்பைகளில். செல் உள்வாங்கும் பொருள்களும் மேற்சவ்வுப் புரதங்களும் முதலில் அங்கேதான் வந்து சேர்கின்றன. மும்பை தாராவியின் மறுசுழற்சிப் பகுதியான தேரா காம்பவுண்டில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, மறுபடி உருக்கத் தக்க பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுப்பார்களே, அப்படியொரு தரம்பிரிப்பு அங்கே நடக்கிறது. திரும்பப் பயன்படுபவற்றை ரெட்ரோமர் என்ற புரதக் கூட்டு பிரித்து அனுப்புகிறது. மிச்சம் லைசோசோமுக்குப் போய்ச் சிதைகிறது. ரெட்ரோமரின் முதுகெலும்பு விபிஎஸ்35. லைசோசோமுக்குச் செரிமான நொதிகளைச் சுமந்துபோகும் ஏற்பிகளை மீட்டுத் தருவதும் ரெட்ரோமரின் பொறுப்பே. அது தடுமாறினால் கேதப்சின்-டி போன்ற நொதிகள் உரிய இடம் சேராது. சிதைய வேண்டிய ஆல்ஃபா-சைனுக்ளின் தேங்கும். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் புரதக் கட்டிகளிலும் முக்கியமாக இருப்பது அதுவே.

எண்டோசோம் நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. மும்பை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ரூப் மல்லிக்கின் குழு ஒற்றைச் செல் உயிரியான டிக்டியோஸ்டீலியத்தில் இதை அளந்து 2009இல் வெளியிட்டது. கைனசின் என்ற வலுவான இழுவைப் புரதம் ஒன்றேயொன்று பையை ஒரு பக்கம் இழுக்க, டைனின் என்ற வலுக்குறைந்த இழுவைப் புரதங்கள் நான்கு முதல் எட்டு எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இந்த இழுபறியில்தான் பை நகர்கிறது, பிளக்கவும் செய்கிறது. பிளந்தால்தான் தரம்பிரிப்பு நடக்கும். ஒரு சின்னஞ்சிறு உயிரியிலேயே இவ்வளவு நுட்பம் வேண்டியிருக்கிறது என்றால், லட்சக்கணக்கான இணைப்புகளோடு கிளைத்துப் பரவும் டோபமின் செல் இதில் சிறு பிசகையும் தாங்காமல் போவதில் வியப்பில்லை.

விபிஎஸ்35 பிழை அரிதானது. அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.கே.தெல்மா குழு 2013இல் வெளியிட்ட ஆய்வும் இந்திய நோயாளிகளிடம் விபிஎஸ்35 பிழை அரிது என்றே சொன்னது. ஆனால் இந்தப் பிழை உள்ளவர்களுக்கு வரும் நோயும் மற்றவர்களுக்கு வரும் பார்க்கின்சனும் அறிகுறிகளில் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் லெவோடோபாவுக்கு இணங்குகின்றன. அதோடு, இதே பிழை எல்ஆர்ஆர்கே2 என்ற நொதியை மிகையாகத் தூண்டுவது 2018இல் தெரியவந்தது. பரம்பரைப் பார்க்கின்சனுக்கு இதைவிடப் பரவலான காரணம் அந்த நொதியின் மரபணுப் பிழைகள். ஆக, அரிய பிழையும் பரவலான பிழையும் ஒரே வழியில் சேர்கின்றன.

தரம்பிரிப்புக் கோளாறு நோயின் விளைவாக ஏன் இருக்கக் கூடாது என்பது அடுத்த மறுப்பு. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் ரெட்ரோமர் புரதங்கள் குறைந்திருப்பதை 2005இல் கண்டபோது இந்தச் சந்தேகத்துக்கு இடமிருந்தது. பரம்பரைப் பிழை விஷயத்தில் இல்லை. பிறக்கும்போதே உடன்வரும் பிழை, நடுவயதில் தலைகாட்டும் நோயின் விளைவாக இருக்க முடியாது.

அந்த நீண்ட இடைவெளி முதுமையின் பங்கையும் காட்டுகிறது. பம்பாய்ப் பார்சி காலனிகளில் நடந்த கணக்கெடுப்பு 1988இல் வெளியானது. 14,010 பேரில் 46 பேருக்குப் பார்க்கின்சன், அதாவது லட்சத்துக்கு 328. முதியவர்கள் மிகுந்த சமூகம் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நாடு முழுவதும் அந்த வயதை நோக்கி நகர்கிறது. எனவே ஐரோப்பியக் குடும்பங்களில் கண்ட அதே பிழையை இங்கே தேடி, இல்லை என்று கோப்பை மூடிவிடக் கூடாது. எண்டோசோம் வழியிலுள்ள மற்ற மரபணுக்களையும் இந்திய நோயாளிகளிடம் அலச வேண்டும். எல்ஆர்ஆர்கே2வை அடக்கும் மருந்துகள் வெளிநாடுகளில் மனிதச் சோதனையை எட்டிவிட்டன. அவை நம் நோயாளிகளில் யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல அந்தத் தரவுதான் முதலில் வேண்டும்.