காய்ச்சல்தானே என்று இருந்துவிடலாமா?

உடம்பு கொதித்தால் இரண்டு பனடோல், ஒரு குவளை கொத்தமல்லிக் குடிநீர், ஒரு போர்வை. ஊரில் எமக்குப் பழகிய வைத்தியம் இது. பெரும்பாலான காய்ச்சல்களுக்கு இன்றும் இது போதும். இதற்கு அடங்காத நிலை ஒன்று உண்டு. வைத்தியர்கள் அதனைச் 'செப்சிஸ்' என்பர்.

நிமோனியாவோ, சிறுநீர்த் தொற்றோ, ஆறாத காற்புண்ணோ அதற்குத் தொடக்கமாகலாம். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காப்பு வலிமை கட்டுமீறித் தன் சொந்த உறுப்புக்களையே தாக்குகின்றது. இரத்த அழுத்தம் வீழ்கின்றது. சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கத் தொடங்குகின்றன. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் மரணங்கள் இதனோடு தொடர்புடையனவென ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

வெப்பமானியை மட்டும் நம்புதல் தகாது. முதியோரும் பச்சிளங் குழந்தைகளும் காய்ச்சலின்றி, 36 பாகைக்கும் கீழே குளிர்ந்துபோவதுண்டு. தொற்று இருக்கையில் பேச்சுக் குழறல், புத்தித் தடுமாற்றம், உதறும் நடுக்கம், கடும் மூச்சுத்திணறல், நாள் முழுதும் சிறுநீர் கழியாமை, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பொறுத்திருத்தல் கூடாது. எமது கரிய தோலில் நிறமாற்றம் எளிதிற் புலப்படாது. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, நாக்கு ஆகியவற்றை நல்ல வெளிச்சத்திற் பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளோரும், பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத தாய்மாரும் கூடிய கவனத்துக்குரியோர். எம்மவரிடையே வேறொரு சாராரும் உளர். எறிகணைக் காயத்தால் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு, காயம் ஆறிப் பல்லாண்டு சென்ற பின்னரும், சில கிருமிகள் ஓரிரு நாட்களிலேயே உயிராபத்தாகலாம். அதற்கெனத் தடுப்பூசிகள் உள்ளன. ஆனால் வயிற்றிலுள்ள தழும்பின் கதை இந்நாட்டுக் குடும்ப வைத்தியருக்குத் தெரியாது. நாம்தான் சொல்லவேண்டும்.

பிரித்தானியாவாயின் 999, ஐரோப்பாவின் ஏனைய நாடுகள் பெரும்பாலானவற்றில் 112. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் எவரிடமும் கட்டணம் அறவிடுவதில்லை. தஞ்சக் கோரிக்கை முடிவுறாதோர்க்கு அதன் பின்னரான வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசமே. கடிதம் வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டாம். ஆங்கிலம் வராதவரும் 'செப்சிஸா?' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிடலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். தாயின் நோயைச் சொல்லப் பத்து வயதுப் பிள்ளையை முன்னே நிறுத்தும் வழக்கம் எமக்கு உடன்பாடன்று.

ஆபத்து மிகுந்த நோயாளிக்கு, குருதி மாதிரி எடுத்து, ஒரு மணி நேரத்துள் நாளத்தினூடாக அன்ரிபயோட்டிக் மருந்து ஏற்றுவர். தேவைக்கேற்பச் சேலைனும் ஒட்சிசனும் கொடுப்பர். சிறுநீரை அளந்து பார்ப்பர். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசைகளை முன்னதாகவே விழுங்கிவிட்டுச் சென்றால் குருதிப் பரிசோதனையிற் கிருமி அகப்படாமற் போகலாம்.

உயிர் தப்பியோர் சிலருக்கு வீடு திரும்பிய பின்னும் மாதக்கணக்கிற் களைப்பு, முடி உதிர்தல், தூக்கமின்மை, கெட்ட கனவுகள் தொடரும். போரைக் கண்டு வந்தவர்களிடத்தில் அக்கனவுகள் எதனால் வந்தவையென வீட்டார் குழம்புவர். வைத்தியரிடம் இரண்டையுமே சொல்லலாம்.