டண்டினோங் நல்ல இடமா?

வீடு தேடும் எம்மவர் குடும்பங்கள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்றல்ல. "அது நல்ல இடமோ?" என்றுதான். மெல்பேர்ணில் இக்கேள்வி அதிகம் எழுவது டண்டினோங்கைப் பற்றி. "அங்கேயோ போய் இருக்கப்போறியள்?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. "எல்லாம் கிட்டத்தில் கிடைக்கும், வாங்கோ" என்று கூப்பிடுபவர்களும் உண்டு. இரு பகுதியினரும் எம்மவரே. தொழிற்சாலை வேலையை நம்பி இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் நாங்கள், எங்களுக்குத் தெரிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறோம். முடிவை வாசகர்களே எடுக்கட்டும்.

முதலில் ஒரு விளக்கம். டண்டினோங் மலைத்தொடர் வேறு, டண்டினோங் நகர் வேறு. சுற்றுலாப் படங்களில் வரும் பச்சைக் காட்டை நினைத்துக்கொண்டு இங்கே வருபவர்கள் ஏமாந்து போவார்கள். நாங்கள் சொல்லும் டண்டினோங், மெல்பேர்ண் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீற்றரில் உள்ள சமதரை. 1994 இல் அமைந்த கிறேற்றர் டண்டினோங் மாநகர சபைக்குள் நோபிள் பார்க், ஸ்பிரிங்வேல், கீஸ்பறோ முதலியனவும் அடங்கும். 2021 குடிசன மதிப்பீட்டின்படி இச்சபைப் பகுதியில் சுமார் 158,000 பேர் வாழ்கிறார்கள். அரைவாசிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

வேலையால் வளர்ந்த ஊர்

1950களில் இன்டர்நஷனல் ஹார்வெஸ்டர், ஹெயின்ஸ், ஜெனரல் மோட்டோர்ஸ் ஹோல்டன் ஆகிய மூன்று பெரிய தொழிற்சாலைகளும் இங்கே அடுத்தடுத்து வந்தன. ஹோல்டன் தொழிற்சாலை 1956 இல் தொடங்கியது. தொழிலாளருக்காகப் பக்கத்தில் டவ்ட்டனில் அரசாங்க வீடமைப்பு ஆணைக்குழு வீடுகள் கட்டியது. ஹோல்டனுக்கென்று தனியாக ஒரு ரயில் நிலையமே இருந்தது. பின்னர் 1991 இல் ஹோல்டனும் 2000 இல் ஹெயின்சும் இங்கே மூடப்பட்டன. ஹோல்டனின் ரயில் நிலையமும் 2002 இல் மூடப்பட்டது.

ஒரு தொழிற்சாலையை மட்டும் நம்பி ஓர் ஊரைத் தெரிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் வேலை முற்றாகப் போய்விடவில்லை. டண்டினோங் சவுத்தில் இன்றைக்கும் உணவு, உலோகம், கரவன் வண்டி, பஸ், களஞ்சியம் என்று பல வகை வேலைத்தலங்கள் இருக்கின்றன. மெல்பேர்ண் தெருக்களில் 2013 முதல் ஓடும் ஈ வகுப்பு ட்ராம்கள் டண்டினோங்கில் கட்டப்பட்டவை. ஓரிடத்தில் ஆட்குறைப்பு என்றால் அடுத்த தெருவில் கேட்டுப் பார்க்கலாம். இது இவ்வூரின் பெரிய பலம்.

தூரத்தின் கணக்கு

குறைந்த வாடகைக்காகத் தூரப் போகும் குடும்பங்கள் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் என்றால் ஐந்து நாள் வேலைக்குப் பத்து மணித்தியாலம். அது எட்டு மணித்தியால ஷிப்ட் ஒன்றிலும் கூட, அதற்குச் சம்பளமும் இல்லை. பெற்றோலும், 2008 இல் திறந்த ஈஸ்ட்லிங்க் பாதையில் போனால் அதன் கட்டணமும் வேறு.

பக்கனம், கிறான்பேர்ண் ஆகிய இரண்டு ரயில் பாதைகளும் டண்டினோங் ஊடாகவே போகின்றன. ஆகையால் நகரத்துக்குப் போக அதிகம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பதும் டண்டினோங் சவுத் வேலைக்குப் போய்வருவதும் ஒன்றல்ல. தொழிற்பேட்டைத் தெருக்கள் நீளமானவை. பின்னேர ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. கார் இல்லாதவர்கள் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், வேலை முடியும் அதே நேரத்தில் ஒருமுறை அந்த வழியைப் போய்ப் பார்க்க வேண்டும். பகலில் வீடு பார்த்து, இரவில் வழி தெரியாமல் நிற்பவர்கள் எம்மவரில் குறைவில்லை.

சமையலும் சந்தையும்

1866 இல் தொடங்கிய டண்டினோங் சந்தை செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு திறந்திருக்கும். மூடுகிற நேரத்துக்குச் சற்று முன் போனால் மரக்கறியும் பழமும் மலிவு. மீனும் ஆட்டிறைச்சியும் எங்கள் கறிக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தருவார்கள். பொஸ்டர் தெருவில் இந்தியக் கடைகளும், தோமஸ் தெருவில் ஆப்கான் கடைகளும் உண்டு. அரிசிமா, மிளகாய்த்தூள், கருவேப்பிலை தேடி அலையத் தேவையில்லை. காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்குக் காரில் போய்வருவது சுலபம். 

பிள்ளைகள், வைத்தியம்

பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், புதிதாக வந்த மாணவருக்கென்றே நோபிள் பார்க்கில் ஆங்கில மொழிப் பாடசாலை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்குச் சிசம் நிறுவனத்தில் தொழிற்கல்வி உண்டு. தமிழை வீசீஈ பரீட்சைப் பாடமாகவும் எடுக்கலாம். விக்டோரிய மொழிகள் பாடசாலையின் சனிக்கிழமை வகுப்பு எங்கே நடக்கிறதென்று விசாரியுங்கள்.

டண்டினோங் ஆஸ்பத்திரி அரசாங்க ஆஸ்பத்திரி. மெடிக்கெயார் அட்டை இல்லாத புகலிடக் கோரிக்கையாளருக்கும் விக்டோரியா மாநில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணமின்றிச் சிகிச்சை கொடுக்க வேண்டும். இது தெரியாமல் நோயோடு வீட்டில் கிடப்பவர்கள் எங்களுக்குள் உண்டு. ஆங்கிலம் கடினமென்றால் "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். 131 450 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் தொலைபேசி மொழிபெயர்ப்பு உண்டு. பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்து மொழிபெயர்க்க அழைத்துப் போக வேண்டியதில்லை.

மறைக்கக் கூடாதவை

குறைகளையும் சொல்ல வேண்டும். 2021 குடிசன மதிப்பீட்டை வைத்துப் புள்ளிவிபரத் திணைக்களம் தயாரித்த அட்டவணையில், மெல்பேர்ண் பெருநகரில் மிகவும் பின்தங்கிய சபைப் பகுதி கிறேற்றர் டண்டினோங். வருமானம் குறைவு, வேலையின்மை கூட. ரயில் நிலையத்தைச் சுற்றி இரவில் குடித்துவிட்டு நிற்பவர்களைக் காணலாம். பெண்கள் தனியே வர விரும்பாத நேரங்கள் உண்டு.

ஆனால் எங்களைக் கேட்டால், இங்கே தெருக்கள்ளனிலும் மோசமான கள்ளன் போக்கி மெஷின். விக்டோரியாவில் 1990களின் தொடக்கத்தில் வந்த இந்தச் சூதாட்ட இயந்திரங்களில் ஆளுக்கு அதிகம் பணம் இழக்கும் பகுதிகளில் கிறேற்றர் டண்டினோங்கும் ஒன்று. நள்ளிரவில் ஷிப்ட் முடிந்து வரும் ஆளுக்குத் திறந்திருக்கும் வெளிச்சமான, சூடான இடம் அதுவே. வீட்டில் ஆள் இல்லாமல் தனியே இருக்கும் எங்கள் இளைஞர்களுக்கு இது பெரிய ஆபத்து. வீடு தேடும்போது திருட்டைப் பற்றி விசாரிக்கிறோம். இதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

வாடகை வீடும் உரிமையும்

பழைய வீடுகள் இங்கே நிறைய. வாடகைக்கு விடும் வீட்டின் பிரதான அறையில் நிலையான வெப்பமூட்டி இருக்க வேண்டும் என்பது 2021 மார்ச் முதல் விக்டோரியச் சட்டம். கதவுப் பூட்டு, வெந்நீர், வேலை செய்யும் அடுப்பு எல்லாம் அதில் அடங்கும். வாடகையை 12 மாதத்தில் ஒருமுறைக்கு மேல் கூட்ட முடியாது. முற்பணம் வீட்டுக்காரர் கையில் அல்ல, அரசாங்கத்தின் முற்பண அதிகாரசபையிடம் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் எம்மவராக இருந்தாலும் இதே சட்டம்தான். "தெரிந்த ஆள்தானே" என்று பற்றுச்சீட்டில்லாமல் காசு கொடுக்காதீர்கள். பிரச்சினை வந்தால், ஸ்பிரிங்வேலில் 1973 இல் தொடங்கப்பட்ட சமூக சட்ட நிலையம் இன்றும் இயங்குகிறது.

விசாவுக்கேற்ற முடிவு

2012 ஆகஸ்ட் 13 க்குப் பின் படகில் வந்தவர்களில், தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர விசா வழியை 2023 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்தது. நிராகரிக்கப்பட்டு பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. ஆகவே ஒரே ஊர் இரு குடும்பங்களுக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. நிரந்தர விசாக் குடும்பம் பத்து வருடத்தை யோசித்துப் பாடசாலையைப் பார்த்து வீடு தேடலாம். பிரிட்ஜிங் விசாக் குடும்பத்துக்கு அடுத்த ஆறு மாதமே கணக்கு. வேலை, ஆஸ்பத்திரி, சட்ட உதவி, அந்தரத்துக்கு உதவும் நாலு தமிழ்க் குடும்பம் ஆகியவை கிட்ட இருப்பதுதான் அவர்களுக்கு நல்ல இடம். அந்த வகையில் டண்டினோங்குக்கு நிகரான இடம் மெல்பேர்ணில் அதிகம் இல்லை.

யாருடைய "நல்ல இடம்"?

கடைசியாக ஒன்று. எம்மவர் "நல்ல இடம்" என்று சொல்லும்போது சில வேளை அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறார்கள். டொக்டரும் எஞ்சினியரும் இருக்கும் கிளென் வேவர்லி நல்ல இடம், படகில் வந்தவன் இருக்கும் டண்டினோங் கூடாத இடம். சிட்னியிலும் மேற்குப் பக்கத்தைப் பற்றி இதே பேச்சு உண்டு. ஊரில் விட்டுவந்ததாக நாங்கள் நினைத்த ஏற்றத்தாழ்வு, தபால் இலக்கமாக இங்கேயும் வந்து நிற்கிறது. பாடசாலைக்காக ஒரு குடும்பம் கிளென் வேவர்லிக்குப் போவதில் பிழையில்லை. அயலவன் முன் தலைகுனியக் கூடாதே என்று தாங்க முடியாத கடனில் போவதுதான் பிழை.

ஸ்பிரிங்வேலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 முதல் 1992 வரை அங்கே என்டர்பிரைஸ் என்ற குடியேறிகள் விடுதி இருந்தது. வியட்நாம், கம்போடிய அகதிகள் பலர் அங்கே தங்கி, வெளியே வந்து, அதே ஊரில் வாடகைக்கு வீடெடுத்து, கடை போட்டார்கள். இன்றைக்கு மெல்பேர்ணின் மற்றப் பக்கங்களிலிருந்தும் சனம் அங்கே சாப்பிட வருகிறது. அகதிகள் அந்த ஊரை விட்டு ஓடியிருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே எங்கள் பதில் இதுதான். வேலை டண்டினோங் பக்கமென்றால், கையில் பெரிய காசு இல்லையென்றால், பிள்ளைகள் இன்னும் சிறியவர்களென்றால், இது நல்ல இடம். நகர மத்தியில் வேலையென்றால், இரவில் தனியே ரயிலில் வந்துபோக வேண்டிய பெண் வீட்டில் இருந்தால், ரயில் பாதையிலேயே இன்னும் நகரத்துக்குக் கிட்ட ஓர் இடம் பாருங்கள். எங்கே போனாலும் முதற்கிழமையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பெயரைச் சொல்லுங்கள். அயல் தெரிந்தால்தான் இடம் நல்லதாகும்.