அள்ள அள்ளப் பெருகும் அசோலா

பெரணி என்றதும் மலைநாட்டு ஓடைக்கரையும் பூந்தொட்டியும்தான் நினைவுக்கு வரும். சமவெளியில், மாட்டுத் தொழுவத்தின் பக்கத்திலேயே வளர்க்கக்கூடிய பெரணியும் ஒன்று உண்டு. அதுதான் அசோலா. நீரில் மிதக்கும் இச்சிறு செடியைச் சில ஊர்களில் கம்மல் பாசி என்றும், மூக்குத்திச் செடி என்றும் சொல்வார்கள். பெயரில் பாசி இருந்தாலும் இது பெரணி இனமே.

பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. அசோலா பெரும்பாலும் ஒடிந்தே பெருகுகிறது. ஒடிந்து பிரிந்த ஒவ்வொரு கிளையும் தனிச் செடியாகிவிடும். இதன் இலைக் குழிகளில் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்துக் கொடுக்கிறது. ஆகவே யூரியா வேண்டியதில்லை. மணிச்சத்து மட்டும் குறையக் கூடாது.

மர நிழலில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 20 செ.மீ. ஆழத்தில் குழி எடுக்கவும். குழி வெட்ட இயலாதவர்கள் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிக் கொள்ளலாம். அதன்மேல் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பாயை விரித்து, சலித்த மண் 10 முதல் 15 கிலோ பரப்ப வேண்டும். 2 கிலோ சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நீர்மட்டம் 10 செ.மீ. வரும்வரை நிரப்பவும். இதில் அரை கிலோ முதல் 1 கிலோ வரை அசோலாவைத் தூவினால் 10, 15 நாளில் குழி மூடிவிடும்.

பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். பச்சைக் கம்பளம் போல் இருக்கிறதே என்று அள்ளாமல் விட்டால், ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியிலுள்ளவை அழுகிவிடும். ஒரேயடியாக அள்ளிவிட்டாலோ, வெளிப்பட்ட நீரை வேறு பாசிகள் பிடித்துக் கொள்ளும். நாள்தோறும் அரை கிலோ அளவுக்கு எடுத்து வருவதே முறை. 5 நாளுக்கொரு முறை 1 கிலோ சாணமும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் கரைத்து விடவும். 10 நாளுக்கொரு முறை கால் பங்கு நீரை மாற்றவும். செடி சிவந்து வேர் நீண்டால் மணிச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். கடும் வெயிலிலும் சிவக்கும் என்பதால் முதலில் நிழலைப் பார்ப்பது நல்லது.

கோடைதான் இதற்கு எமன். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பெருக்கம் குன்றிவிடும். அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுவிட வேண்டும். குளிர்ந்த நிழலில் ஒரு பழைய தொட்டியில் கொஞ்சம் தனியாக வைத்திருப்பவர், குழி அழிந்தாலும் விதைக்காக ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் குழி வழிந்து செடி போய்விடாதபடி ஓரத்தில் வலை கட்டுவதும் அவசியம்.

அள்ளியதைச் சல்லடையில் இட்டு, சாண வாடை போகும்வரை அலசவும். அலசிய நீரில் மிதக்கும் துணுக்குகளைக் குழியிலேயே ஊற்றிவிடலாம். அவையும் வித்துதான். மாடு முதலில் முகம் சுளித்தால் தவிட்டில் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கலாம்.

ஒரு கணக்கை மட்டும் மறக்கலாகாது. காய்ந்த அசோலாவில் நூற்றுக்கு 25 பங்கு புரதம் உண்டு என்பது மெய்யே. ஆனால் 1 கிலோ பச்சை அசோலாவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். புரதம் ஏறக்குறைய 15 கிராம் தேறும். இதை நம்பிப் பிண்ணாக்கை நிறுத்தினால் கறவை வற்றும். கறவை மாட்டுக்கு இது துணைத் தீவனமே. ஒரு குழி மட்டும் வைத்திருப்பவருக்குக் கொல்லைக் கோழிகளே ஏற்றவை. கைப்பிடி அளவே அவற்றுக்குப் பெரிது.

6 மாதத்துக்கொரு முறை குழியைக் காலி செய்து புதிதாகத் தொடங்கவும். அடியில் தங்கிய சேற்றை வீசிவிடாமல் கத்தரி, மிளகாய்ப் பாத்திக்கு இடலாம்.